மூன்றாமவரின் நேரம்

சைக்கிள் பந்தயத்தில் பழக்கமில்லாதவர்களிடம் அணி நேரப் பந்தயத்தின் விதியைச் சொன்னால் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். நாலு பேர் ஒன்றாகப் புறப்படுவார்கள். எல்லைக்கோட்டை முதலில் தொடுகிறவரின் நேரம் கணக்கில் வராது. அடுத்தவருடையதும் வராது. மூன்றாவது ஆளின் முன்சக்கரம் கோட்டைத் தொடும்போதுதான் நடுவர் கடிகாரத்தை நிறுத்துவார். நாலாமவர் பின்தங்கினால் பாதகமில்லை. மூன்றாமவர் பின்தங்கினால் முன்னால் போன இருவரின் வேகமும் வீண். 1960 முதல் 1992 வரை ஒலிம்பிக்கில் இந்தப் பந்தயம் இருந்தது. சுமார் 100 கிலோமீட்டர், நாலு பேர், மூன்றாமவரின் நேரம். தொழில்முறை வீரர்களுக்கு ஒலிம்பிக் சைக்கிள் பந்தயம் திறந்துவிடப்பட்டது 1996-இல்; அதற்குள் இதை எடுத்துவிட்டார்கள். கடைசிவரை அமெச்சூர்களின் பந்தயமாகவே இருந்து போனது.

எனக்குத் தெரிந்த விளையாட்டுகளில் இவ்வளவு நேர்மையான விதி வேறில்லை. அதை நான் உடம்பால் உணர்ந்தது, சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், திருப்பத்தூர்ப் பக்கம் நடந்த அமெச்சூர் போட்டியில். சனிக்கிழமை அணி நேரப் பந்தயம். ஞாயிற்றுக்கிழமை சமவெளியைச் சுற்றிவந்து ஏலகிரி மலையேறும் பந்தயம்.

எங்கள் அணியில் நாலே பேர். கேப்டன் மின்வாரியக்காரர்; ஐம்பதை நெருங்கியவர். கம்பம் ஏறி இறங்கிய கால்கள். பாய் புரசைவாக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். அகன்ற முதுகு, குறைந்த பேச்சு. தம்பி அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். நாலு பேருக்கும் ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைதான் பொது இடம். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை கடல்காற்றோடு மல்லுக்கட்டித் திரும்பி, கோவளத்தில் டீ குடித்து, ஒன்பது மணிக்குள் வீட்டுக்குப் போய் மார்க்கெட்டுக்குப் பை தூக்குகிறவர்கள்.

தம்பிக்கு ஊர் நாட்றம்பள்ளிக்கு உள்ளே ஒரு கிராமம். அவன் சைக்கிள் ஓட்டிப் பழகியது அரசாங்கம் கொடுத்த சைக்கிளில். தமிழ்நாட்டில் 2001-இல் மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பின்னால் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் விரிந்தது. அப்படிக் கிடைத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வந்து, விடுமுறை நாட்களில் அதே சைக்கிளில் ஏலகிரிக்கு ஏறியிருக்கிறான். கியர் கிடையாது. கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு, செயின் கவர் எல்லாம் சேர்ந்து இருபது கிலோவுக்குக் குறையாத இரும்பு. அதில் மலையேறிய கால்களுக்குக் கேப்டன் தன் பழைய பந்தய சைக்கிளைக் கொடுத்தார். முதல் நாள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உடைஞ்சிராதாண்ணா?" என்று கேட்டவன், அதன்பிறகு ஏற்றமென்று வந்தால் எங்களில் யாருக்கும் பிடிபட்டதில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி திருப்பத்தூர் லாட்ஜ் வராந்தாவில் பாய் கடை விரித்தார். பழைய பெட்ஷீட் ஒன்று, அதன்மேல் நாலு சைக்கிளின் எட்டுச் சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் சுழலவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்ப்பார். ரிம் எங்கே லேசாக ஒதுங்குகிறதோ அங்கே ஸ்போக் சாவியால் கால் திருகு. பிறகு இரண்டிரண்டு ஸ்போக்காக விரலால் அழுத்தி, காதைக் கிட்டே கொண்டுபோவார். டயரை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, கட்டைவிரலால் தடவி, உள்ளே புதைந்த கண்ணாடித் தூளைக் குண்டூசியால் கிளறி எடுப்பார். நெடுஞ்சாலையில் லாரி டயர் வெடித்த இடங்களில் கிடக்கும் மெல்லிய கம்பித் துண்டுதான் அவருக்குப் பெரிய பகை. கண்ணுக்குத் தெரியாது, தடவினால்தான் அகப்படும்.

பாய் அணியில் சேர்ந்தபோது வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. நாலு சைக்கிளுக்கும் ஒரே மாதிரி சக்கரம், ஒரே மாதிரி பிரேக், சக்கரத்தைக் கழற்ற ஒரே மாதிரி நெம்புகோல். "யார் சக்கரம் யாருக்கு வேணும்னு முன்னாடியே தெரியாது" என்றார். நான் கொஞ்சம் விலை கூடின சக்கரம் வாங்க ஆசைப்பட்டிருந்தேன். அதை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமைப் பந்தயம் திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலைப் பக்கம் போகும் சாலையில். போய்த் திரும்ப வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தச் சாலையில் போகும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும்.

புறப்படும் இடத்தில் கேப்டன் எங்களை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போய் ஒரு கதை சொன்னார். ரோம் ஒலிம்பிக், 1960 ஆகஸ்ட் 26. இதே அணி நேரப் பந்தயம். கொடும் வெயில். டென்மார்க் அணியில் ஒருவர் வெயில் தாங்காமல் பாதியில் விலகிவிட்டார். மிச்சம் மூன்று பேர். மூவரும் முடித்தால்தான் அணிக்கு நேரம் உண்டு. அந்த மூவரில் க்னுட் எனமார்க் யென்சன் என்ற 23 வயதுக்காரர் தலைசுற்றுகிறது என்றிருக்கிறார். உடன் வந்த ஒருவர் அவர்மேல் தண்ணீர் தெளித்திருக்கிறார். இன்னொருவர் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். பிடி தளர்ந்ததும் யென்சன் தார்ச்சாலையில் விழுந்தார். மண்டையில் அடி. அன்றே உயிர் போனது.

"கூட வந்தவங்க கெட்டவங்க இல்ல. மூணாவது ஆள் வேணும்கிறதுதான் அவங்க கண்ணுல நின்னுது" என்றார் கேப்டன். "யாருக்குத் தலை சுத்தினாலும் வாயைத் தொறந்து சொல்லணும். சொன்னா நாலு பேரும் நிப்போம். மறுபேச்சு கிடையாது."

பந்தயத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சாவுக் கதை சொல்கிறாரே என்று அப்போது தோன்றியது. இப்போது நான் புதுப் பையன்களைக் கூட்டிப் போகும்போது அதே கதையைச் சொல்கிறேன்.

இந்தப் பந்தயத்தில் எதிராளி காற்று. சமதளத்தில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் செலவழிக்கும் பலத்தில் ஐந்தில் நாலு பங்கு காற்றைக் கிழிக்கவே போய்விடும். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு. அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்கு. முன்னால் ஒருவர் காற்றை வெட்டிக்கொடுக்க, அவர் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் கால்வாசிக்கு மேல் மிச்சம். அதனால் நாலு பேரும் ஒரே கோடாக, சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண் இடைவெளியில் போவோம். முன்னால் இருப்பவர் அரை நிமிடம் இழுத்துவிட்டு முழங்கையை அசைப்பார். ஒதுங்கி, வேகத்தைக் கொஞ்சம் தளர்த்தி, வரிசையின் வாலில் ஒட்டிக்கொள்வார். அடுத்தவர் முன்னால் வருவார். வரும்போது வேகத்தைக் கூட்டக் கூடாது. புதியவர்கள் எல்லாரும் செய்வது அதுதான்; முன்னால் வந்ததும் நெஞ்சு நிமிர்ந்து ஓர் அழுத்து அழுத்துவார்கள். அந்த நொடியில் வாலில் ஒட்டப் பார்க்கிறவன் அறுந்துபோவான்.

அந்த ஒரு சாண் இடைவெளியில் உலகம் சுருங்கிவிடும். கேப்டனின் பின்சக்கரம், அதன் அச்சில் படிந்த செம்மண், அவருடைய கால்சட்டையில் வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடாக நிற்கும் உப்பு, இவ்வளவுதான் எனக்குக் கண்ணில் பட்டவை. இரண்டு பக்கமும் என்ன விளைந்திருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. செயின்கள் நாலும் ஒரே சுருதியில் ஓடும் சத்தம் கேட்கும். யாராவது கியர் மாற்றினால் அந்தச் சத்தத்தில் ஒரு விக்கல்.

திரும்பும் பாதையில் காற்று எங்களைப் பிரித்துப் போட்டது. மலையில் தம்பிக்குக் கைகொடுக்கும் ஐம்பத்திரண்டு கிலோ உடம்பு இங்கே அவனுக்கே பாரம். எதிர்க்காற்றில் எடை குறைந்தவனுக்கு உந்தும் பலமும் குறைவு. காற்று மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். தவிர, அவன் முன்னால் வந்தால் பின்னால் ஒதுங்க எங்களுக்கு இடமே இருக்காது. அதைப் பார்த்த பாய், தம்பியின் முறையையும் தானே எடுத்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. முழங்கை அசையும் நேரம் வந்தும் அசையவில்லை. அந்த முதுகு அப்படியே முன்னால் நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று. கடைசி ஐந்து கிலோமீட்டர் பலகை வந்தபோது இடப்பக்கம் விலகினார். நாங்கள் அவரைக் கடக்கும்போது தலையைத் தூக்காமல், "போங்க, போங்க" என்றார். அவர் வேலை முடிந்தது.

இனி மூன்று பேர். மூவரும் சேர வேண்டும். கேப்டனும் நானும் மாறி மாறி இழுத்தோம். தம்பி வாலில் இருந்தான். அவன் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அது தேய்ந்தால் நான் "கேப்டன்" என்று ஒரு குரல் கொடுப்பேன்; அவர் கொஞ்சம் தளர்த்துவார். தனியாக விட்டிருந்தால் கேப்டன் அந்த ஐந்து கிலோமீட்டரை இன்னும் வேகமாக முடித்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐந்தாவது இடம் கிடைத்தது.

தம்பி சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். "என்னாலதாண்ணா போச்சு."

"எதுடா போச்சு? உன் நேரம்தான் நம்ம நேரம்" என்று சொல்லிவிட்டு, கேப்டன் உப்புச் சர்க்கரைக் கரைசலை அவன் கையில் திணித்தார்.

மத்தியானம் லாட்ஜுக்குத் தம்பியின் அம்மா வந்தார். தூக்குவாளியில் களி, கீரைக் கடைசல், வேர்க்கடலைச் சட்னி. அந்தப் பக்கத்துக் கேழ்வரகுக் களி, தொட்டால் கையில் ஒட்டாது. ஆம்பூர் பிரியாணி வாங்கி வரலாம் என்ற என் யோசனையைக் கேப்டன் மலை இறங்கும்வரை ஒத்திவைத்திருந்தார். களிக்கு மறுப்பு சொல்லவில்லை. அம்மா மகனுடைய சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கேரியர் இல்லியேப்பா, நாளைக்குச் சோறு எதுல வெச்சு எடுத்துனு போவ?" என்று கேட்டார். சோறு வேண்டாம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பாய் சொன்னார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு எல்லா அணிகளும் ஒரே கூட்டமாகப் புறப்பட்டோம். இது வேறு வகைப் பந்தயம். சமவெளியில் நாற்பது கிலோமீட்டர் சொச்சம் சுற்றிவிட்டு, பொன்னேரியில் திரும்பி மலையேற வேண்டும். மேலே அத்தனாவூரில் கோட்டை முதலில் தொடுகிறவன் வெற்றியாளன். அணிக்கென்று தனிப் பரிசு கிடையாது. எங்கள் திட்டம் எளிமையானது: தம்பியை மலையடிவாரம் வரை அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மலையில் வேகம் குறைந்துவிடும். அங்கே காற்று பெரிய எதிரியில்லை, எடையும் நுரையீரலும்தான் கணக்கு. அதுவரை அவன் முகத்தில் காற்று படக் கூடாது.

திருப்பத்தூரைத் தாண்டி வடக்கே திரும்பியதும் மேல்காற்று இடப்பக்கமிருந்து அடித்தது. பக்கவாட்டுக் காற்றில் நேர் பின்னால் போவதில் லாபமில்லை. மறைவு பின்னாலும் பக்கத்திலுமாகச் சாய்ந்து விழும். அதனால் முன்னால் போகிறவர் காற்றடிக்கும் பக்கம் ஓரமாகப் போக, மற்றவர்கள் அவருக்கு வலப்புறம் படிப்படியாகச் சாய்ந்து நிற்பார்கள். சாலையின் அகலம்வரைதான் அதில் இடம். இடம் கிடைக்காதவர்கள் ஓரத்தில் ஒற்றைக் கோடாக நின்று காற்றை முழுசாக வாங்குவார்கள். கொஞ்ச நேரத்தில் அறுந்துவிடுவார்கள். கூட்டம் இரண்டு மூன்றாக உடைந்தது. முன்கூட்டத்தில் நாங்கள் நாலு பேரும் இருந்தோம். பாய் கத்தித்தான் எங்களை அங்கே கொண்டுவந்திருந்தார்.

பொன்னேரிக்கு நாலைந்து கிலோமீட்டர் இருக்கும்போது தம்பியின் முன்டயர் உஸ் என்றது. கம்பித் துண்டு. அவன் கையைத் தூக்குவதற்குள் பாய் பிரேக் பிடித்துவிட்டார். அடுத்து நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பாய் தன் சைக்கிளைத் தலைகீழாகக்கூடக் கவிழ்க்கவில்லை. நின்ற நிலையில் நெம்புகோலைத் தட்டி முன்சக்கரத்தை உருவினார். தம்பியின் சக்கரம் அதற்குள் கேப்டன் கையில். பாயின் சக்கரம் தம்பி சைக்கிளின் ஃபோர்க்குக்குள் உட்கார்ந்தது, நெம்புகோல் மடங்கியது, பாய் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பிரேக் உரசவில்லை என்று பார்த்தார். அந்த அவசரத்திலும் பார்த்தார். பிறகு தம்பியின் இருக்கையில் கைவைத்து ஓடிக்கொண்டே தள்ளிவிட்டார். வெள்ளிக்கிழமை ராத்திரி நாலு சைக்கிளின் பிரேக்கையும் ஒரே அளவுக்கு அவர் வைத்திருந்ததன் பலன் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பாயின் கடைச் சுவரில் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு பழைய படம் இருக்கிறது. 1934-ஆம் ஆண்டின் பிரான்ஸ் சுற்றுப் பந்தயம். ரெனே வியெத்தோ என்ற இருபது வயதுப் பையன் மலைச்சாலை ஓரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் முன்சக்கரம் இல்லாத சைக்கிள். சக்கரத்தை அணித் தலைவர் அந்தோனன் மாஞ்ஞுக்குக் கொடுத்துவிட்டான். மறுநாளும் மாஞ் சிக்கலில் மாட்ட, முன்னால் போய்க்கொண்டிருந்த வியெத்தோ திரும்பி, எதிர்த்திசையில் மலையேறி வந்து உதவினான். அந்த ஆண்டு பந்தயத்தை வென்றவர் மாஞ். வியெத்தோவுக்கு ஐந்தாவது இடம். மலையேறுவதில் அந்த ஆண்டு முதல்வன் வியெத்தோதான். அந்தப் படத்துக்குக் கீழேதான் பாய் தினமும் பங்ச்சர் ஒட்டுகிறார்.

கேப்டனும் நானும் தம்பியை நடுவில் வைத்து முன்கூட்டத்தைத் துரத்தினோம். தூரத்தில் வண்ண வண்ணச் சட்டைகள் சின்னதாகத் தெரிந்தன, பெரிதாகவே மாட்டேனென்றன. கேப்டன் தன்னிடம் இருந்ததையெல்லாம் பொன்னேரி கூட்டுரோடுவரை கொட்டித் தீர்த்தார். திருப்பத்தில் அவர் ஒதுங்கினார். மிச்ச தூரம் என்னுடையது. மலைச்சாலை தொடங்கும் இடத்தில் கூட்டத்தின் வாலை எட்டினோம். "ஏறுடா" என்றேன். அவன் இருக்கையிலிருந்து எழுந்தான். முதல் வளைவில் அவன் சட்டை தெரிந்தது. இரண்டாவது வளைவில் தெரியவில்லை.

அதன்பிறகு எனக்கு அவசரமில்லை. ஏலகிரிச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர். வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரையும் கடையெழு வள்ளல்கள் பெயரையும் வைத்திருக்கிறார்கள். காரிலோ பஸ்ஸிலோ போனால் அந்தப் பலகைகள் கண்ணில் பட்டு மறைந்துவிடும். காலில் தெம்பில்லாமல் நடை வேகத்தில் சைக்கிளில் ஏறுகிறவனுக்கு ஒவ்வொரு பெயரையும் வாசிக்க நிறைய நேரம் உண்டு. பாரியின் பெயரைப் பார்த்தபோது, கீழே சாலையோரத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு நின்ற பாயை நினைத்தேன். முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டுப் பாரி எப்படி வீடு திரும்பினான் என்பதைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

தம்பி மூன்றாவதாக வந்திருந்தான். அத்தனாவூர் போய்ச் சேர்ந்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது. பெற்ற பிள்ளையின் பரீட்சை முடிவுபோல் கேப்டன் காத்திருந்த செய்தியை அவருக்கும் நான்தான் சொன்னேன். அவன் கோட்டைத் தொட்டதை எங்கள் மூவரில் ஒருவரும் பார்க்கவில்லை. பாய் அதற்கும் அப்புறம், ஒரு பிக்கப் வண்டியின் பின்னால் தன் சைக்கிளைப் பிடித்தபடி வந்து இறங்கினார். முதலில் போய் தம்பியின் முன்சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார்.

மேடையில் தம்பியின் பெயரை வாசித்தார்கள், பதக்கம் போட்டார்கள். பிறகு ஒட்டிய முடிவுத்தாளில் கேப்டனுக்கும் எனக்கும் பின்வரிசையில் ஏதோ எண்கள். பாயின் பெயருக்கு நேரே "முடிக்கவில்லை" என்று இருந்தது. விதிப்படி அது சரி. அவர் முடிக்கவில்லைதான். தம்பி அந்தத் தாளின் முன்னால் ரொம்ப நேரம் நின்றான். பிறகு பதக்கத்தைக் கழற்றிப் பாயிடம் நீட்டினான். பாய் அதைத் திருப்பி அவன் கழுத்திலேயே போட்டுவிட்டு, "சக்கரத்தைக் குடு, அது என்னுது" என்று கைநீட்டி வாங்கிக்கொண்டார். சாயங்காலம் ஆம்பூரில் நிறுத்தி, கத்திரிக்காய்த் தொக்கோடு பிரியாணி சாப்பிட்டுவிட்டுச் சென்னைக்குத் திரும்பினோம்.

அமெச்சூர் பந்தயங்கள் இன்று நம் ஊர்களில் பெருகிவருகின்றன. நடத்துகிறவர்கள் பெரும்பாலும் சொந்தக் காசையும் தூக்கத்தையும் செலவழிக்கிறவர்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். சாலைப் பந்தயத்தில் பரிசு பெற்றவரை மேடைக்கு அழைக்கும்போது அவருடைய அணியினர் அத்தனை பேரையும் பெயர் சொல்லி அழையுங்கள். பந்தயத்தை முடிக்காதவர் பெயரையும் சேர்த்து வாசியுங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.